பாடகருக்குப் பின்னால் நிற்பவர்கள்

அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தை வெளியிட்டார். பாட்டியின் பெயரைத் தலைப்பில் ஏற்றி, அவருடைய பேரனாகத் தன்னை நிறுத்திக்கொண்ட அந்த ஆல்பத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் வரிகளைச் சுற்றியே இருந்தது. வரிகள் பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அறிவு மேடையேறும்போது 'அம்பாசா' என்ற அவருடைய குழுவும் சேர்ந்து ஏறுகிறது. என் பார்வையில் முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கிறது. தன் குடும்பத்து உழைப்பையும் ஒப்பாரியையும் பாட்டாக்குகிற ஒருவர் தனியாக வராமல் கூட்டமாக வரும்போது, அந்தக் கூட்டத்துக்கு யார் சம்பளம் தருவது, பதிவில் யாருடைய பெயரெல்லாம் ஏறுவது, அடுத்த ஆண்டும் இதே ஆட்கள் சேர்ந்து வாசிக்க முடியுமா என்ற கேள்விகள் எழுகின்றன. கிராமத்து இசைக்கு எதிர்காலம் உண்டா என்பதை இவற்றுக்குக் கிடைக்கும் விடைதான் தீர்மானிக்கும். அந்த விடையைச் சென்னைக்கு வெளியே செய்து பார்க்க ஏற்ற இடம் ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி என்பதே என் வாதம்.

பெரிய குழு தமிழுக்குப் புதிதல்ல. 1950-களின் இறுதியில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியபோது தம்பிகள் பின்னால் வாசித்தார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. ஆய்வாளர் கே.ஏ. குணசேகரனின் தன்னானே கலைக்குழு, அவர் சேகரித்த பாட்டை ஆய்வேட்டிலேயே உறங்கவிடாமல் மேடைக்குக் கொண்டுவந்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் 19 பேர் இருந்தார்கள். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னின்று, டென்மாவின் இசைப் பொறுப்பில் உருவான குழு அது. கானா பாடகர்கள், ராப் பாடுபவர்கள், பறை, சட்டி, தவில், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அறிவைத் தமிழுலகம் கவனித்தது அங்கேதான். மறு ஆண்டு இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து அவர் 'தெருக்குரல்' வெளியிட்டார். குழுவில் பழகிய குரல் தனி ஆல்பத்துக்குப் போய், பிறகு மறுபடியும் ஒரு குழுவைத் தேடி வந்திருக்கிறது.

இடையில் நடந்தது எல்லோரும் அறிந்தது. அறிவும் தீயும் பாடி, 2021 மார்ச்சில் மாஜா நிறுவனம் வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' யூடியூபில் மட்டும் நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அறிவின் குடும்பத்து நினைவு அந்தப் பாட்டின் அடியில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அவருக்கென்று இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அதையடுத்து, பாட்டை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் பொதுவெளியில் வேறுபட்டார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமில்லை. முகம் தெரிந்த, பெயர் தெரிந்த, கோடிக்கணக்கானோர் கேட்ட கலைஞர்களுக்கே பெயரிலும் பணத்திலும் இவ்வளவு சிக்கல் என்றால், ஒரு நாள் கூலிக்கு ஸ்டூடியோவுக்கு வந்து பறையோ உறுமியோ வாசித்துவிட்டுப் பஸ் ஏறியவருக்கு என்ன மிச்சமிருக்கும்? அவருடைய அடி பாட்டில் இருக்கிறது, அவர் பெயர் எங்கேயும் இல்லை. நம் நாட்டுப்புற இசைப் பதிவுகளின் வரலாறே பெரும்பாலும் இப்படித்தான்.

கிராமத்துப் பாட்டுக்குக் குழு ஏன் இவ்வளவு தேவை என்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டமே நல்ல சாட்சி. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடியும்வரை போகிறது. வேடம் கட்டியவர் ஆடுகிறார், பாடுகிறார், வசனம் பேசுகிறார். எந்தத் தொண்டையும் இதைத் தனியே தாங்காது. அவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் இழுத்துப் பிடிக்கும் அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார், அடுத்த அடியை நினைத்துக்கொள்கிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்கிறார். பின்பாட்டை எடுத்துவிட்டால் கூத்து பாதி இரவில் நின்றுபோகும். அம்மன் திருவிழாவில் பம்பைக்காரரும் இப்படித்தான். பம்பை, உடுக்கை, சிலம்பு வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தால்தான் வர்ணனை நகரும். எல்லைக்கு அந்தப் பக்கம் மண்டேஸ்வாமி கதையைப் பாடும் நீலகாரர்களும் தனியாகப் பாடுவதில்லை. தம்பூரி வைத்திருக்கும் தலைமைப் பாடகரின் வரியை உடனிருப்பவர்கள் ஏந்திக்கொள்கிறார்கள். காவிய நீளமுள்ள கதைகள் எழுத்தில் ஏறுவதற்கு முன்பு தலைமுறை தாண்டி வந்தது இந்த ஏந்தலால்தான். ஒருவர் மறந்த இடத்தில் மற்றவருக்கு நினைவிருக்கும்.

அமெரிக்கக் கன்ட்ரி இசையிலும் இதே கதைதான். கிட்டாரோடு தனியாக நிற்கும் பாடகரின் படம்தான் நமக்குப் பழக்கம். ஆனால் 1930, 40-களில் பாப் வில்ஸின் டெக்சாஸ் பிளேபாய்ஸ், ஃபிடிலோடு ஊதுகருவிகளையும் சேர்த்துக்கொண்டு நடனக் கூடங்களை நிரப்பிய பெருங்குழு. அந்த மரபை நினைவில் வைத்துத்தான் டெக்சாஸ்காரரான லைல் லவெட் 1989-இல் தன் ஆல்பத்துக்கே 'லைல் லவெட்டும் அவருடைய பெரிய குழுவும்' என்று பெயர் வைத்தார். 2022-இல் '12th ஆஃப் ஜூன்' வந்தபோதும் அவரோடு பெரிய குழு இருந்தது. அங்கே பெருங்குழு என்பது ஒரு பாடகரின் ஆசையில் மட்டும் நின்ற விஷயமல்ல, அதற்கென்று ஒரு பணவழியும் போராடிப் பெறப்பட்டது. இசைத்தட்டும் வானொலியும் மேடை வாசிப்பாளர்களின் பிழைப்பைத் தின்னத் தொடங்கியபோது, 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் பதிவு செய்ய மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டத்தின் முடிவில், விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்று நிறுவனங்கள் ஒரு நிதிக்குப் பணம் செலுத்த ஒப்புக்கொண்டன. அந்த நிதியிலிருந்து, பதிவால் வேலை இழந்தவர்களுக்கு இலவசப் பொதுக் கச்சேரிகளில் கூலியோடு வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இயந்திரம் ஈட்டிய லாபத்தில் ஒரு பங்கை இயந்திரத்தால் வேலை இழந்தவருக்குத் திருப்பிய ஏற்பாடு அது.

இப்படியொரு பணவழிக்கு வாய்ப்புள்ள ஓசூரைப் பற்றி இனிப் பேசலாம். சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், 1980-களின் தொடக்கத்தில் டிவிஎஸ் 50 மொபெட், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகாரம் என்று வளர்ந்த ஊர் 2019-இல் மாநகராட்சியானது. போச்சம்பள்ளி பக்கம் ஓலாவின் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலையும் ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸும் வந்துவிட்டன. இரண்டும் பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தியவை. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே பதிவுக்கூடங்கள் உண்டு, ரகு தீக்ஷித், ஸ்வராத்மா போன்று கன்னட நாட்டார் பாட்டை ராக் மேடைக்குக் கொண்டுவந்த குழுக்கள் உண்டு. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைவீதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழர் பறை என்றும் கன்னடர் தமடே என்றும் தெலுங்கர் டப்பு என்றும் சொல்லும் வட்டத் தோல்கருவி, மூன்று வகை வாசிப்போடு இங்கே ஒரே மாவட்டத்துக்குள் கிடைக்கிறது. பணம், கருவி, வாசிப்பவர், பதிவுக்கூடம், வெளியூரிலிருந்து பிழைக்க வந்து இரவு நேரத்தில் போக்கிடமில்லாமல் அறைக்குத் திரும்பும் பல்லாயிரம் கேட்பவர்கள் எல்லாம் இங்கே உண்டு. இல்லாதது இந்த மண்ணின் பெயரைச் சொல்லி ஆண்டு முழுக்க இயங்கும் ஒரு குழு.

பணவழிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பள்ளிக்கு வகுப்பறை, ஏரிக்குத் தூர்வாரல், ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் ஆகியவற்றில் செலவிடுவதைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவற்றோடு, பதினைந்து பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஒரு குழுவை நிற்கவைப்பதும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும். பெரிய தொழிற்சாலை ஒன்றின் கணக்கில் அது கண்ணில் படாத தொகை.

கம்பெனி காசில் பாடினால் கம்பெனிப் பாட்டுத்தான் வரும் என்பார்கள். இது கனமான எதிர்ப்பு. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இடஒதுக்கீட்டைப் பாடியது, மாட்டுக்கறியைப் பாடியது. அறிவும் ஆஃப்ரோவும் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஸ்னோலினைப் பாடினார்கள். எந்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி இதற்குக் கையெழுத்துப் போடுவார்? போடமாட்டார். அதனால்தான் நிறுவனத்தின் பணம் பாட்டுக்கு வரக்கூடாது, வாசிப்பவருக்கு வர வேண்டும். கருவி, பயிற்சி, மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு என்று ஓர் அறக்கட்டளை வழியாக அது போய்ச் சேரட்டும். எதைப் பாடுவது என்பது குழுவின் முடிவாகவே இருக்கட்டும், நிறுவனத்தின் பதாகை மேடையில் இல்லாமலே போகட்டும். விளம்பர லாபத்துக்கான ஸ்பான்சரைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்ட முடியாது என்று விதிகளே சொல்கின்றன, எனவே பதாகை கேட்கும் நிறுவனத்தை மறுக்கச் சட்டம் துணை நிற்கும். அப்போதும் ஒரு மறைமுக அச்சம் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பண்ணையாரின் தயவிலோ திருவிழா நன்கொடையிலோ வாசித்த காலத்தில் அந்த அச்சம் இதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

அடுத்த எதிர்ப்பு இதைவிட ஆழமானது. பறையடிப்பதையும் சாவுக்கு மேளம் வாசிப்பதையும் சில சாதிகளின் தலையில் கட்டாயமாகச் சுமத்திய ஊர் நம்முடையது. இரவெல்லாம் வாசித்தவருக்கு முறைக்கூலி என்று கொஞ்சம் தானியம், கோயிலுக்குள் இடமில்லை, தெருவில் செருப்பில்லை. அந்த ஏற்பாட்டிலிருந்து தப்பிக்கத்தான் பிள்ளைகள் பறையைக் கீழே வைத்துவிட்டு சிப்காட் கேட்டுக்குப் போனார்கள். அவர்களை மறுபடியும் பறை எடுக்கச் சொல்வது யார், என்ன உரிமையில்? கிராமத்து இசைக் குழுக்களின் பழைய ஒற்றுமையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது. தொழிற்சாலை வேலை அவர்களுக்கு விடுதலையாக இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும். ஆனால் அவர்கள் விட்டுவிட்டு வந்தது அடிமை ஊழியத்தை. தோலையும் குச்சியையும் அடவையும் வெறுக்க அவர்களுக்குக் காரணமில்லை. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தபோது அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. ஆண்களுக்கே இழிவென்று சொல்லப்பட்ட கருவியை, பெண்கள் தங்கள் விருப்பத்தில், சாவுவீட்டுக்கு வாசிக்கும் கட்டாயம் இல்லாமல், மேடையில் நிமிர்ந்து நின்று வாசித்தார்கள். அயோத்திதாசர் பேசிய சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பெயர் எடுத்துக்கொண்டதும் இதே திசையில்தான். ஆகவே நான் கேட்கும் குழுவில் பிறப்பால் யாருக்கும் கருவி ஒதுக்கப்படக் கூடாது. எந்தச் சாதிப் பிள்ளையும் பறை கற்கலாம், பறை வாசித்த குடும்பத்துப் பிள்ளை ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ உட்காரலாம், கற்றுக்கொடுக்கும் மூத்தவருக்கு ஆசிரியர் சம்பளம் வர வேண்டும். எழுதிய ஒப்பந்தமும் மாதச் சம்பளமும் இதில் வெறும் நிர்வாக ஏற்பாடல்ல. முறைக்கூலிக்கும் தொழிலுக்கும் நடுவே கோடு போடுவது அவைதான்.

ஒரு லேப்டாப்பில் எல்லா மேளமும் இருக்கும்போது பதினைந்து பேர் எதற்கு என்றும் கேட்கலாம். சிக்கனம் என்று பார்த்தால் பதில் இல்லை. இசை என்று பார்த்தால் உண்டு. வைக்கோல் நெருப்பில் காய்ச்சி எடுத்த பறையின் தோல் முதலில் விறைத்து உச்சத்தில் ஒலிக்கும், பனி இறங்க இறங்கத் தளரும், மறுபடி காய்ச்ச வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத்தான் வாசிப்பவர் அடியை மாற்றுகிறார், பாடுபவர் சுருதியையும் வேகத்தையும் விட்டுக்கொடுக்கிறார். பதிவுசெய்த ஒலித்துண்டு முதல் அடியையே ஆயிரம் முறை திருப்பிக் கொடுக்கும். பாடுபவர் தடுமாறினால் அது காத்திருக்காது, கூட்டம் எழுந்து ஆடினால் அது நீட்டாது. அதற்காக இயந்திரத்தை ஒதுக்கவும் வேண்டாம். அறிவின் பாட்டிலேயே இரண்டும் கலந்துதான் இருக்கின்றன.

அரசு ஏற்கெனவே செய்துகொண்டுதானே இருக்கிறது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா 2023-இல் மறுபடி வந்தது. பொங்கலுக்குச் சென்னை மேடையில் சில நாள் வாசித்த குழு மற்ற மாதங்களில் என்ன செய்கிறது என்பதுதான் பிரச்சினை, திருவிழாவால் அதைத் தீர்க்க முடியாது.

மொழியைப் பற்றிய தயக்கம் இந்த ஊருக்கே உரியது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிக்காகக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டதும் பஸ்கள் எரிந்ததும் ஓசூர் மறக்கக்கூடியதல்ல. அந்த நாட்களில் தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் மூன்று மொழிப் பாட்டை ஒரே மேடையில் ஏற்றினால் சண்டை வராதா? வரலாம். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்துபோகும் பக்தர்கள் கன்னடப் பாட்டைக் கேட்டு ஒதுங்கியதில்லை. கிருஷ்ணகிரிக்கு அடுத்த மாவட்டமான கோலாரில் இதற்கு ஒரு முன்மாதிரியே இருக்கிறது. கன்னடக் கவிஞர் கோட்டிகானஹள்ளி ராமையாவும் தோழர்களும் தேரஹள்ளி மலையில் உருவாக்கிய 'ஆதிம' பண்பாட்டு மையம், பௌர்ணமி இரவுகளில் 'ஹுண்ணிமே ஹாடு' என்ற பெயரில் பாட்டும் நாடகமும் நடத்திவந்திருக்கிறது. பெரிய நகரத்தின் தயவில்லாமல், சாதிக்கு எதிரான நிலைப்பாட்டை விடாமல், ஊர்மக்களைக் கேட்பவர்களாகக் கொண்டு அது வளர்ந்தது. கோலாரின் பிச்சள்ளி சீனிவாசும் தெலங்கானாவின் கத்தரும் பாடியபோது, மொழி முழுதாகப் புரியாதவர்களும் அந்தத் தோலின் அடியை அறிந்திருந்தார்கள்.

ஓசூருக்குப் பௌர்ணமிகூட வேண்டாம். இங்கே இரண்டாம் ஷிஃப்ட் முடிகிற நேரமும் கூத்து தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரவு பத்து. மறுநாள் வார விடுமுறை என்றால், வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் உட்கார்ந்து கேட்க ஓர் இரவு முழுதாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மட்டும் சினிமாப் பாட்டுக் கச்சேரிக்குப் பணம் கொடுத்துப் பழகிய தொழிற்சாலைகள், மாதம் ஓர் இரவுக்கு இடமும் மின்சாரமும் கொடுப்பது பெரிய காரியமல்ல. வாசிப்பவர்களில் சிலர் அந்தத் தொழிற்சாலைகளிலேயே வேலை செய்பவர்களாகவும் இருக்கலாம். அவர்களுக்கு ஒத்திகை நாளில் ஷிஃப்ட் மாற்றிக் கொடுப்பது சம்பளத்தைப் போலவே பயன் தரும்.

அப்படி ஒரு குழு உருவாகி, இந்தப் பகுதியின் பாட்டுக்காரர் ஒருவர் அதோடு சேர்ந்து ஆல்பம் பதிவு செய்தால், ரெக்கார்டிங் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிக நோக்கில் பயன்படும் பதிவில் கலையை நிகழ்த்தியவருக்கு ராயல்டி உரிமை உண்டு என்கிறது. நிகழ்த்தியவராகத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் அது தருகிறது. பின்பாட்டுக்காரரும் பம்பைக்காரரும் அந்த வரையறைக்கு வெளியே இல்லை. எனவே பங்கு இவ்வளவு என்று தமிழிலும், தேவைப்படுபவருக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இசைச் செயலிகளில் பாட்டை ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டின் விவரத்திலும் வாசித்த எல்லோருடைய பெயரும், அவரவர் வாசித்த கருவியோடு, ஊரோடு ஏற வேண்டும். இதற்குச் செலவு கிடையாது, ஸ்டூடியோவில் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் போதும்.